மொட்டைமாடிக் கோதா

மேவாலாலின் வலது தோள் பிடித்துக்கொண்ட விஷயம் ஹோலிக்கு மறுநாள்தான் சந்துக்குத் தெரிந்தது. அவனுக்கும் அவன் மனைவி ஜக்ராணிக்கும் அதற்கு இரண்டு மாதம் முன்பே தெரியும். தெரியும் என்பதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

காசியில் ஆற்றை ஒட்டிய அந்தச் சந்தில் மேவாலாலுக்கு ரபடி என்கிற பால் இனிப்பு விற்கிற கடை. பாலைச் சுண்டவிட்டு, விசிறிக்கொண்டே ஆடையை வாணலியின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கிச் சேர்க்கிற வேலை. நாற்பத்தேழு வயது. கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு. பதினாறு வயதிலிருந்து கர்லாக்கட்டை சுற்றி ஏற்றிய உடம்பு அது. அவன் போகிற கோதாவில் அனுமார் சிலைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஜோடி நிற்கும். ஒவ்வொரு கட்டையும் முப்பது கிலோ, இடுப்பு உயரம். நாகபஞ்சமிப் போட்டியை ஆரம்பித்து வைப்பது அந்த ஜோடிதான். பதினோரு வருஷமாக அதை முதலில் தூக்குகிறவன் மேவாலால்.

ஹோலிக்கு மறுநாள் கோதா மண்ணைக் கொத்திப் புரட்டி, எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஐந்து சுற்று சுற்றிவிட்டு ஆற்றில் குளிக்கப் போவது வழக்கம். மேவாலால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தான்.

"என்ன குரு, நேத்து குடிச்ச பாங்கு போதை இன்னும் இறங்கலையா?" என்று கேட்டான் சிவ்முனி. படகுக்காரன். மேவாலாலோடு ஒரே வருஷம் கோதாவில் சேர்ந்தவன். பதினோரு வருஷமாக நாகபஞ்சமியன்று இரண்டாவது ஆளாகவே நிற்கிறவன்.

"எனக்கு இறங்கிடுச்சு. உனக்குத்தான் வாய் வழியா இறங்கிட்டிருக்கு."

"அப்ப வா. அஞ்சே சுத்து. இல்லேன்னா நான் எடுத்துக்கறேன், நீ வேடிக்கை பாரு."

அதற்கு மேல் போக முடியவில்லை. மேவாலால் கறுப்பு ஜோடியை எடுக்கவில்லை, அதற்கு அடுத்த ஜோடியை எடுத்தான். இடது கட்டை தோளுக்கு ஏறியது. வலது கட்டை நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கிருந்து மேலே போக, கை என்று ஒன்று இருந்தால்தானே? தோளுக்குள் யாரோ ஆணி இறக்கினாற்போல ஒரு வலி. கட்டை நழுவி அவன் காலுக்கு அரை அடி தள்ளி மண்ணில் விழுந்து பாதி புதைந்தது.

"எண்ணெய்க் கை. வழுக்கிடுச்சு" என்றான் மேவாலால்.

"ஆமா ஆமா, எண்ணெய்" என்றார்கள் எல்லாரும். ஒருவனும் சிரிக்கவில்லை. அதுதான் அவனை அதிகம் கலக்கியது.

வீட்டுக்கு வந்ததும் ஜக்ராணி அவன் முகத்தைப் பார்த்தாள். குர்தாவைக் கழற்றிவிட்டாள். முதலில் இடது கை, அப்புறம் தலை, கடைசியில் வலது கை. அவன் இரண்டு மாதமாகத் தனியாகச் செய்து கொண்டிருந்த அதே வரிசை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க குளிச்சிட்டு வந்தா முதுகுல பாதி நனையாமலே இருக்கு. எனக்குக் கண்ணு இல்லையா?"

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு டாக்டர் கையை மேலே தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார், இரண்டுமே நடக்கவில்லை. மூட்டைச் சுற்றியிருக்கிற சவ்வு இறுகிப்போய்விட்டது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சர்க்கரையும் இருக்கிறது, அது இருக்கிறவர்களுக்கு இது சுலபமாக வரும் என்றார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"ரபடிக் கடைங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கனம் தூக்கக்கூடாது, ஆனால் கையைச் சும்மா தொங்கப்போட்டு வைத்திருக்கவும் கூடாது, மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வருஷம்கூட ஆகலாம் என்றார்.

திரும்பி வரும்போது ரிக்ஷாவில் மேவாலால் நினைத்துக்கொண்டிருந்தது தோளை மட்டும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஒன்று அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது தோள் பிடித்துக்கொண்டது ஜக்ராணிக்கு. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தலை பின்னிக்கொள்ள முடியாமல் அவள் நின்றபோது மேவாலால்தான் பின்னிவிட்டான். எருமைக்குக் கயிறு திரிக்கிற மாதிரிதான் பின்னினான், ஆனால் நான்கு மாதம் தினமும் பின்னினான். அந்த நாளில் ஒருமுறை ஜக்ராணி, "எனக்கும் ஒரு ஜோடி கர்லா கடைஞ்சு கொடுங்க, சின்னதா" என்று கேட்டாள். சின்ன வயதில் அவள் அப்பா வீட்டு முற்றத்தில் அண்ணன்கள் சுற்றுவதைப் பார்த்தவள். மேவாலால் சிரித்துக்கொண்டே தச்சனிடம் சொல்லி, ஒரு கிலோ கனத்தில் ஒரு ஜோடியைக் கடைந்து வாங்கிக் கொடுத்தான். விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிற நினைப்புதான்.

அவள் மொட்டைமாடியில் அதை வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள். ஆறேழு மாதத்தில் தோள் விட்டுவிட்டது. ஆனால் சுற்றுவதை அவள் விடவில்லை. பக்கத்துச் சந்தில் தறிக்குப் பாவு நூல் சுற்றிக் கொடுக்கிற ரெஹானா வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கரும்பலகையில் எழுதித் தோள் நொந்துபோன குசும் டீச்சர் வந்தாள். பிறகு இன்னும் நான்கைந்து பேர். தினமும் காலை ஆறு மணிக்கு மாடியில் வளையல்கள் ஒரே தாளத்தில் கிலுங்கும். கீழே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் மேவாலாலுக்கு அது கேட்கும்.

ஒருநாள் கோதாவில் யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது, "அதா? அது வளையல் கோதா" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அது ஜக்ராணி காதுக்கும் போனது. அன்றைக்கு அவள் சோறு போடும்போது பருப்பில் உப்பே இல்லை.

ரிக்ஷா சந்து முனையில் நின்றது. மேவாலால் இறங்கினான். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மூன்று தடவை தொண்டையைச் செருமினான்.

"இந்தா... உன் கிட்ட அந்தச் சின்ன ஜோடி இருக்கே. அதை எப்படிச் சுத்தினா தோள் விடும்னு எனக்குக் கொஞ்சம் காட்டேன்."

"காட்டறேனே."

"மத்தியானம், கடை சாத்தினப்புறம். யாரும் இல்லாதப்ப."

"மத்தியானம் மாடியில கால் வைக்க முடியாது, கொதிக்கும். காலையில ஆறு மணிக்கு எல்லாரோடயும் வாங்க."

"எல்லாரும்னா... அந்தப் பொம்பளைங்களோடயா?"

"பொம்பளைங்கதான். வேற யாரு இருக்கா வளையல் கோதாவுல?" என்று சொல்லிவிட்டு ஜக்ராணி உள்ளே போனாள்.

மறுநாள் ஆறு மணிக்கு மேவாலால் மாடிப்படி ஏறினான். ஏழு பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவனைக் கண்டதும் ரெஹானா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வாங்க பாய்சாப். வழி தவறி வந்துட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதே ரெஹானா. அவர் நோயாளி" என்றாள் ஜக்ராணி. அந்த வார்த்தை கிண்டலைவிட மோசமாக இருந்தது.

அவனை ஒரு முக்காலியைப் பிடித்துக்கொண்டு குனியச் சொன்னாள். வலது கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, கிணற்று வாளி மாதிரி அதைத் தொங்கவிடச் சொன்னாள். "கையால ஆட்டாதீங்க. உடம்பை லேசா அசைங்க. கட்டை தானா ஆடட்டும். அதோட கனம் கையை இழுக்கட்டும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். நூறு."

அறுபது கிலோவைத் தலைக்கு மேல் சுற்றிய மனிதன், ஒரு கிலோ மரத்துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு குனிந்து நின்றான். பதினைந்துக்கே நெற்றியில் வியர்த்துவிட்டது. பழக்கதோஷத்தில் அவன் கட்டையை இழுத்து இழுத்து ஆட்டினான்.

குசும் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். "மேவாலால்ஜி, நீங்க அதோட சண்டை போடறீங்க. அது உங்களை ஒண்ணும் பண்ணலையே."

மூன்றாம் நாள் டீக்கடையில் அவன் தலையைக் கண்டதுமே ஒருவன் கேட்டான். "குரு, பச்சை வளையலா, சிவப்பு வளையலா?" அங்கே இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். சிவ்முனியும் சிரித்தான், ஆனால் மற்றவர்கள் அளவுக்கு இல்லை. மேவாலாலுக்கு அதைக் கவனிக்கத் தோன்றவில்லை. தானே பெற்ற பிள்ளை தன்னையே உதைத்தாற்போல இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அதற்கப்புறம் இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. ஜக்ராணி கூப்பிடவும் இல்லை. ஆறு மணிக்கு அவள் பாட்டுக்குப் படியேறிப் போவாள், ஏழு மணிக்கு இறங்கி வருவாள். இரண்டு நாளும் அவன் கீழே உட்கார்ந்து, வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இடது கையால் பாலைக் கிண்டினான். வாணலி ஓரத்தில் ஆடை கோணல்மாணலாகச் சேர்ந்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் தின்று பார்த்துவிட்டு, "என்ன மேவா, இன்னைக்குக் கை மாறியிருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மேவாலால் மாடியில் இருந்தான். முக்காலியையும் அவனே எடுத்துப் போட்டிருந்தான். ஜக்ராணி வந்தவள் அதைப் பார்த்தாள், கட்டையை அவன் கையில் கொடுத்தாள்.

அப்படியே சித்திரை போனது, வைகாசி போனது. தொங்கவிட்டு ஆட்டுவது முடிந்து, முன்னால் சின்ன வட்டம் போடுவது வந்தது. பிறகு கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து மார்புக்கு முன்னால் கொண்டுவருவது. கூரான வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், மந்தமான வலி என்றால் மூச்சை விட்டுக்கொண்டு மெல்லப் போகலாம் என்பது ஜக்ராணியின் சட்டம். சட்டம் அவளே தன் தோளில் கண்டுபிடித்தது. டாக்டரிடம் அடுத்த தடவை போனபோது மேவாலால் இதைச் சொன்னான். "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார் டாக்டர். "என் உஸ்தாது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினான். ஜக்ராணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவன் களைத்துப்போய் உட்கார்ந்து, அவள் சுற்றுவதை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தான். மூன்று வருஷமாகத் தலைக்கு மேலேயே நடக்கிற விஷயம். கட்டை முன்னாலிருந்து எழுந்து, தோளைத் தாண்டி, முதுகுக்குப் பின்னால் நூல் பிடித்தாற்போல இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று, எந்த அவசரமும் இல்லாமல் திரும்பி வந்தது. அதற்குள் இன்னொரு கட்டை கிளம்பியிருந்தது. முழங்கை இரண்டும் வானத்தைப் பார்த்தன. அவள் அதைத் தூக்குகிற மாதிரியே இல்லை. போகிறதைப் போகவிட்டு, வருகிறதை வாங்கிக்கொண்டாள். மேவாலால் தன் முப்பது வருஷச் சுற்றலை நினைத்துப் பார்த்தான். கட்டை கீழே இறங்குவதற்குள் பிடுங்கி, பிடுங்கி, பிடுங்கி... தோள் எத்தனை வருஷம்தான் பொறுக்கும்?

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள் ஜக்ராணி, சுற்றிக்கொண்டே.

"ஒண்ணுமில்லை. நல்லா சுத்தறே."

ரெஹானா உடனே தன் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "டீச்சர், நீங்களும் கேட்டீங்கல்ல? எனக்கு மட்டும் காது கோளாறு இல்லையே?" மாடி முழுக்கச் சிரிப்பு. மேவாலாலும் சிரித்தான்.

மழை பிடித்துக்கொண்டது. நாகபஞ்சமிக்கு மூன்று நாள் இருக்கும்போது கோதாக்காரர்கள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். "குரு, இந்த வருஷமும் கறுப்பு ஜோடியை நீதான் தொடங்கணும். பத்துச் சுத்து போதும். அஞ்சுகூடப் போதும்."

அவன் பார்க்கலாம் என்றான். அவர்கள் போனதும் கையைத் தூக்கிப் பார்த்தான். காதுக்கு மேலே போனது. கடைக்குப் பின்னால் போய், பால் நிறைந்த இருபது லிட்டர் கேனைத் தூக்கிப் பார்க்கலாமா என்று அதன் பிடியில் கை வைத்தான்.

"தூக்க முடியும்" என்று ஜக்ராணியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "கறுப்பு ஜோடியையும் தூக்கலாம். அஞ்சு சுத்து சுத்திடுவீங்க, எனக்குச் சந்தேகமே இல்லை. அதுக்கப்புறம் அடுத்த ஹோலி வரைக்கும் உங்களுக்கு நான் குர்தா மாட்டிவிடணும். எனக்கு அதுல கஷ்டம் ஒண்ணுமில்லை. நீங்கதான் யோசிச்சுக்கணும்."

அவன் கேனிலிருந்து கையை எடுத்தான். உள்ளே ஏதோ ஒன்று கசந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, அந்த ஜோடி வேறு ஒருவன் தோளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்பதுதான் உறுத்தியது. அன்றைக்கு மூன்று வாணலி பால் காய்ச்சும் வரைக்கும் அந்தக் கசப்பு இருந்தது. நான்காவது வாணலியின்போது இல்லை.

நாகபஞ்சமியன்று கோதா நிறைந்து சுவர் மேலெல்லாம் ஆட்கள். சாமந்தி மாலை போட்ட அனுமாருக்கு ஆரத்தி முடிந்ததும் எல்லார் கண்ணும் மேவாலால் பக்கம் திரும்பியது. அவன் எழுந்து கறுப்பு ஜோடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு திரும்பி, "சிவ்முனி, வா. இந்த வருஷம் நீ தொடங்கு. நான் எண்ணறேன்" என்றான்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. சுவர் மேலிருந்து ஒருவன் கத்தினான். "வளையல் கோதாவுல எண்ணக் கத்துக்கொடுத்தாங்களா குரு?"

"கொடுத்தாங்க" என்றான் மேவாலால். "அங்க ஒரு காலையில முந்நூறு எண்ணுவோம். உங்க கூட இருந்தா இருபதுக்கு மேல எண்ணவே மறந்துபோகும். எத்தனை வருஷமாச்சு நீ அந்தச் சுவரை விட்டு இறங்கி?"

சுவர் மேலிருந்தவனைச் சுற்றியிருந்தவர்களே அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். சிவ்முனி முன்னால் வந்து ஜோடியைத் தோளில் ஏற்றினான். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை. முகம் சிவந்திருந்தது. மேவாலால் உரக்க எண்ண ஆரம்பித்தான்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. எட்டாவது சுற்றுக்கு அப்புறம் சிவ்முனியின் இடது முழங்கை மேலே ஏறவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பை ஒடித்து, உடம்பால் அந்தக் கட்டையை மேலே எறிந்துகொண்டிருந்தான். கூட்டத்துக்கு அது வேகமாகத் தெரிந்திருக்கும். மாடியில் ஐந்து மாதம் நின்றவனுக்கு அது என்னவென்று தெரிந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. சிவ்முனி ஜோடியை இறக்கினான். மாலைகள் விழுந்தன. மேளம் முழங்கியது.

எல்லாம் ஓய்ந்தபிறகு இரண்டு பேரும் அரசமரத்தடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்தார்கள்.

"பதினெட்டு. நல்ல எண்ணிக்கை" என்றான் மேவாலால்.

"நீ கொடுத்தது."

"நீ சுத்தினே. நான் வாயால எண்ணினேன், அவ்வளவுதான்." துண்டைப் பிழிந்துகொண்டே, "இடது பக்கம் எவ்வளவு நாளா?" என்று கேட்டான்.

சிவ்முனி மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்தான். "இடது பக்கம் படுத்துத் தூங்கி ஆறு மாசம் ஆச்சு."

"அப்ப துடுப்பு?"

"எங்க போடறது? வலது கையே எல்லாம் பண்ணுது. படகு வட்டம் போடுது குரு. போன வாரம் ஒரு குடும்பம் அக்கரைக்குன்னு ஏறிச்சு. அரை மணி நேரம் சுத்திட்டு இக்கரையிலயே இறங்கிடுச்சு. அந்தம்மா இறங்கும்போது 'நல்லா சுத்திக் காட்டினீங்க'ன்னு சொல்லிட்டுப் போறாங்க."

மேவாலால் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கிளிகள் பறந்தன. சிவ்முனி முதலில் முறைத்தான், பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். சிரித்து முடித்தபோது, மெதுவாக, "பௌஜி என்னைச் சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டான். அண்ணி முறையில் ஜக்ராணியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"நீயே கேளு. நான் அங்க வெறும் நோயாளி."

ஜக்ராணி அவனை இரண்டு நாள் காக்கவைத்துவிட்டுச் சரி என்றாள். அவரவர் கட்டையை அவரவர் கொண்டுவர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. திங்கட்கிழமை காலை சிவ்முனி தன் பத்துக் கிலோ ஜோடியை இரண்டு தோளிலும் சுமந்துகொண்டு மாடியேறி வந்தான்.

"இது எதுக்கு?" என்றாள் ஜக்ராணி.

"என்கிட்ட இருக்கறதுல இதுதான் பௌஜி சின்னது."

"இதைக் கீழே கதவுக்கு முட்டுக்கொடுத்துட்டு வாங்க. ரெஹானா, உன்னோடதுல ஒண்ணை இவருக்குக் கொடு. முக்காலி அந்த மூலையில இருக்கு."

சிவ்முனி முக்காலியைப் பிடித்துக் குனிந்து, ஒரு கிலோ மரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். பத்துக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. மேவாலால் அவனுக்குப் பக்கத்தில் நின்று சின்ன ஜோடியை முதுகுக்குப் பின்னால் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவன் படும் பாடு முகத்தில் தெரிந்தது.

நாற்பது எண்ணுவதற்குள் மழை சடசடவென்று கொட்டியது. பெண்கள் கொடியில் காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு தகரக் கூரைக்கு அடியில் ஓடினார்கள். ஆண்கள் இருவரும் அவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கட்டைகளெல்லாம் வெளியே மழையில் நின்றன.

"கட்டையை நனையவிட்டா வெடிச்சுப்போகும்" என்றாள் ஜக்ராணி. "யார் எடுத்துட்டு வரப்போறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மழையில் இறங்கி, பதினாலு கட்டைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். ஜக்ராணி பழந்துணியும் கடுகெண்ணெய்க் கிண்ணமும் நீட்டினாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டார்கள். குசும் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று குடையோடு கிளம்பினாள். ரெஹானா கீழே போய் ஒரு மண்சட்டி நிறைய நேற்றைய ரபடியைக் கொண்டுவந்தாள். மேவாலால் பங்குக்கு மட்டும் ஒரு வெள்ளரிக்காய் இருந்தது. அவன் அதைக் கடித்துக்கொண்டே சிவ்முனி தின்பதை நிதானமாகப் பார்த்தான். அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"நாளைக்கும் ஆறு மணிதான்" என்றாள் ஜக்ராணி.

"சரி பௌஜி" என்றான் சிவ்முனி, வாய் நிறைய ரபடியோடு.